நடுவும் நான்கு மூலையும்

மார்ச் 2

ஸ்டூடியோக்காரருக்கு,

உங்கள் கடிதமும் வாலுவின் படங்கள் ஐந்தும் நேற்றுத்தான் கைக்கு வந்தன. உறையை வழக்கம்போல் பிரித்து ஒட்டியிருந்தார்கள். இங்கே போவதையும் வருவதையும் வாயில் அலுவலகத்தில் ஒருவர் படித்த பிறகுதான் விடுகிறார். அவருக்கும் சேர்த்து ஒரு வணக்கம் வைத்துவிடுகிறேன். வணக்கம் சார், நலமா?

லென்ஸ் செய்கிற இடத்தில் வேலை பார்ப்பவளிடம் ஒரு போன்கூட இல்லையா என்று எல்லோரும் சிரிப்பதாக எழுதியிருந்தீர்கள். சிரிக்கட்டும். சேர்ந்த அன்றே போனை வாங்கிப் பெயர் எழுதிய பையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சான்றிதழ்களும் அதே அலமாரியில்தான் இருக்கின்றன. விடுதியும் அதே மதிலுக்குள் இருப்பதால் சோறு, தூக்கம், வேலை எல்லாம் ஒரே வளாகத்தில் முடிந்துவிடுகிறது. பதினான்கு மாதம் ஆயிற்று. ஒப்பந்தப்படி இன்னும் பத்து மாதம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் குட்டி மிரர்லெஸ் கேமராவுக்கு நீளமான ஜூம் லென்ஸ் வேண்டும், கேமரா கம்பெனியே போட்டதை வாங்குவதா, அதே வாய்க்குப் பொருந்துகிற மற்றக் கம்பெனியின் லென்ஸை வாங்குவதா என்று கேட்கிறீர்கள். முன்வளையத்தில் பொறித்திருக்கும் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். இங்கே என் மேசைக்கு வரும் தட்டில் ■■■■■ ■■■■■■■ ■■■■ ■■■■■■■■■. பெயர் வளையத்தைக் ■■■■■ ■■■■■■■■■■■ ■■■■■■■■■■. இதற்கு மேல் எழுதினால் சாருக்கு மைச்செலவு.

என்னைக் கேட்டால் இரண்டுமே வேண்டாம். கையில் இருக்கும் இருபத்தைந்து எம்.எம். லென்ஸே போதும். அது ஜூம் ஆகாது, ஆனால் கூர்மையில் இந்த நீளமான லென்ஸ்கள் அதன் காலைத்தான் தொட வேண்டும். டிசம்பரிலேயே எழுதினேன்: கால்தான் ஜூம். கிட்டே வேண்டுமென்றால் இரண்டடி முன்னால் போங்கள், எல்லோரும் படத்துக்குள் வர வேண்டுமென்றால் இரண்டடி பின்னால் போங்கள்.

வாலு அம்மாவைத் தேடுகிறாளா? இதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
பூதக்கண்ணாடி

மார்ச் 14

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

உன் கடிதத்தில் பாதி எழுத்து, பாதி தார் ரோடு. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இது என்ன பெரிய ராணுவ ரகசியமா? ஒரே தட்டில் லென்ஸ், கடைசியில் ஆளுக்கொரு பெயர். சமையற்காரர் ஒருவர், பந்தி இரண்டு. சரிதானே?

இருந்தாலும் எனக்கு ஜூம் வேண்டும். கேமரா கம்பெனியுடையது எடை குறைவு, சட்டைப்பைக்குள் போகும். மற்றவனுடையது கொஞ்சம் தடிமன், ஆனால் கை நடுங்கினாலும் படம் கலங்காமல் பார்த்துக்கொள்ளும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டில் எது என்றுதான் கேட்டேன். கால், பாதம் என்று பாடம் நடத்தச் சொல்லவில்லை. கல்யாண மண்டபத்தில் நூறு பேருக்கு நடுவே நான் எங்கே நடப்பது? அந்த "கால்தான் ஜூம்" என்கிற வசனத்தை இனி எனக்கு எழுதாதே. மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவளுக்கு அது சுலபம்.

இங்கே ஒரு குறையும் இல்லை. மாதத்துக்கு ஏழெட்டு விசேஷம், ஓட்டமும் நடையுமாக இருக்கிறது. வாலு நன்றாகச் சாப்பிடுகிறாள், படுத்ததும் தூங்கிவிடுகிறாள். உன்னைத் தேடுவதேயில்லை. எதிர்வீட்டு டெய்லர் அக்கா, "அம்மா எப்படி வருவா? ட்ரெயின்லயா, பஸ்லயா?" என்று சீண்டியதற்கு, "வந்தா வரட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாளாம். அதனால் நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் நிம்மதியாக இரு.

படம் ஆறு வைத்திருக்கிறேன்.

உன்
ஸ்டூடியோக்காரன்

மார்ச் 25

ஸ்டூடியோக்காரருக்கு,

நீங்கள் ஊகித்து எழுதியதற்கு என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். "வீட்டுக்காரருக்கு நீ என்னம்மா சொன்னே?" என்று மேற்பார்வையாளர் திருப்பித் திருப்பிக் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை சார், அவருக்கு வாய் நீளம் என்றேன். யார் எதைச் செய்கிறார்கள் என்ற பேச்சே இனி வேண்டாம். போகும்போது அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். அது என்னவென்று அப்புறம் எழுதுகிறேன்.

தேடுவதேயில்லை என்று எழுதிவிட்டீர்கள். நல்லது. குழந்தை அழாமல் இருந்தால் சந்தோஷம்தானே. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

வேலை விஷயம் ஒன்று. நான் எந்தப் படத்தையும் நடு, பிறகு நான்கு மூலை என்றுதான் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு லென்ஸை அப்படிப் பார்த்துப் பழகிப்போயிற்று. நீங்கள் இந்த இரண்டு முறை அனுப்பிய பதினொரு படத்திலும் வாலு நன்றாக விழுந்திருக்கிறாள். ஆனால் ஒன்பதில் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு மங்கலான பட்டை இருக்கிறது, அந்தப் பக்கமே கலங்கித் தெரிகிறது. லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேமராவைக் கீழே போட்டீர்களா?

சோதித்துவிடலாம். செய்தித்தாளின் முழுத்தாள் ஒன்றைச் சுருக்கமில்லாமல் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை அதற்கு நேர் எதிரே அசையாமல் வைத்து நான்கைந்து படம் எடுங்கள். அச்சுப் போட்டு அப்படியே அனுப்புங்கள், ஓரத்தை வெட்டாதீர்கள். மூலையில் எழுத்து படிக்க முடிகிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

பூதக்கண்ணாடி

ஏப்ரல் 6

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

கேமராவைக் கீழே போடவில்லை. என் கேமராவை நான் கீழே போடுவேனா? நான் விழுந்தாலும் அதை விடமாட்டேன்.

நீ கேட்டபடி செய்தித்தாள் படம் நான்கு. ஓரம் வெட்டவில்லை. இதற்கே ஒரு பகல் போய்விட்டது. பட்டை என்று நீ சொல்வது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உனக்குக் குறை கண்டுபிடிக்கத்தானே சம்பளம், கண் சும்மா இருக்குமா?

சோதனை முடிந்து லென்ஸில் கோளாறு என்று வந்தால் நல்லதுதான். அந்தச் சாக்கில் ஜூம் வாங்கிவிடலாம். நடுக்கம் தாங்கும் லென்ஸுக்கே என் ஓட்டு.

அந்தக் காகிதம் என்ன?

உன்
ஸ்டூடியோக்காரன்

ஏப்ரல் 17

உங்கள் லென்ஸில் ஒரு குறையும் இல்லை. நடுவும் நான்கு மூலையும் ஊசிமுனையாக இருக்கின்றன. செய்தித்தாளில் காணாமல் போன மாட்டைப் பற்றிய விளம்பரம்வரை படித்தேன்.

கீழ் இடது மூலையில் இரண்டு இரும்புக் கால்கள், நுனியில் ரப்பர் குமிழ். அது வாக்கர். அதற்குப் பக்கத்தில் தரையில், படுத்தபடியே சிறுநீர் கழிக்க வைக்கும் குவளை ஒன்று, வாயைத் துணியால் மூடியிருக்கிறது. வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள், மூலையில்தான் தப்பு ஒளிந்திருக்கும் என்று.

செய்தித்தாள் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. டேப்பின் நுனியில் பல்லால் கடித்த தடம். அதை ஒட்டியது வாலு. ஆறு வயசுக் குழந்தையை விட்டு ஒட்டச் சொல்லிவிட்டு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அதையும் கணக்குப் போட்டேன். தாளின் உயரம் தெரியும், லென்ஸ் தெரியும். சுவரிலிருந்து எட்டடியில், கட்டிலில் படுத்திருக்கிறீர்கள். முந்தைய படங்களை எல்லாம் எடுத்துப் பரப்பிப் பார்த்தேன். எல்லாமே ஒரே உயரம், ஒரே இடம். நான் பட்டை என்று நினைத்தது ஜன்னல் கம்பி.

எத்தனை மாதமாக? என்ன ஆயிற்று? மாதத்துக்கு ஏழெட்டு விசேஷமா? ஓட்டமும் நடையுமா? கட்டிக்கொண்டவளிடம் சொல்ல முடியாத அளவுக்கு என்ன வந்தது?

அந்தக் காகிதம் என்ன என்று கேட்டீர்கள். இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கும் காகிதம். ஏப்ரல் நாலாம் தேதி கையெழுத்துப் போட்டேன். உங்களைக் கேட்கவில்லை. தேடுவதேயில்லை, வந்தால் வரட்டும் என்று என் குழந்தை சொன்ன பிறகு யாரைக் கேட்பது? அங்கே எனக்கு இடமில்லை என்று ஆகிவிட்டது, இங்கேயாவது ஒரு நாற்காலி இருக்கிறதே என்று போட்டுவிட்டேன். கோபத்தில் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மனம் மாறினால் ஏழு நாளுக்குள் திரும்பப் பெறலாம் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. உங்கள் படங்கள் வாயில் அலுவலகத்தைத் தாண்டி என் கைக்கு வந்தது பன்னிரண்டாம் நாள்.

ஏப்ரல் 29

அன்புள்ள உனக்கு,

இந்த முறை கிண்டல் வரவில்லை.

ஜனவரி ஒன்பதாம் தேதி ஒரு கம்பெனி ஆட்களுக்குக் குழுப்படம். புதிதாகக் கட்டிய முதல் மாடியில் நிற்கவைத்தார்கள். நாற்பது பேர். இரண்டு ஓரத்திலும் ஆள் வெட்டுப்பட்டார்கள். இரண்டடி பின்னால் போனேன். போதவில்லை. கேமராவில் கண்ணை வைத்தபடியே இன்னும் ஓரடி. அங்கே கைப்பிடிச் சுவர் இன்னும் எழுப்பவில்லை. கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. தொடை எலும்பு இரண்டாகி, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று உன் டிசம்பர் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கால்தான் ஜூம். பல்லைக் கடித்துக்கொண்டு மடித்து வைத்தேன். உன் மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதைச் சொன்னால் காலத்துக்கும் உன் நெஞ்சில் அந்த வரி முள்ளாக நிற்குமே என்றுதான் மறைத்தேன். மார்ச்சில் அதையே திரும்பவும் எழுதினாய் பார், அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வாலு விஷயத்துக்கு வருகிறேன். அவள் உன்னைத் தேடுகிறாள். தினமும் தேடுகிறாள். உன் பழைய துப்பட்டாவைத் தலையணைக்குள் திணித்துக்கொண்டுதான் படுக்கிறாள். "வந்தா வரட்டும்" என்று சொன்னது நிஜம். ஆனால் அது எதற்குப் பதில் என்று நான் எழுதவில்லை. டெய்லர் அக்கா கேட்டது, "அம்மா வந்தா உன் கட்டில்ல அவளுக்கு இடம் கொடுப்பியா?" என்று. அதற்கு, "வந்தா வரட்டும், நான் ஓரமா படுத்துப்பேன்" என்றாள். பாதியை வெட்டி உனக்கு அனுப்பினேன். ஓரத்தை வெட்டாதீர்கள் என்று நீ சொன்னது படத்துக்கு மட்டும் என்று நினைத்துவிட்டேன்.

உன்னை நிம்மதியாக வைக்கிறேன் என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன். செருப்பால் அடித்துக்கொள்ள எழுந்து நிற்கக்கூட முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் மார்ச்சிலேயே நடக்கச் சொல்லிவிட்டார். எலும்பு கூடிவிட்டதாம். நான்தான் காலை ஊன்றுவதில்லை. வாக்கரைப் பிடித்து நின்றால் பின்னால் தரை இல்லை என்றே தோன்றுகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. "என்னடா, புதுப்பொண்ணு மாதிரி ரூமை விட்டு வரமாட்டேங்கிறே?" என்று டெய்லர் அக்கா திட்டுகிறாள். வாலு வாசலில் விளையாடுவதை இந்த ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன். அவள் கேட் பக்கம் போனால் முகம் சரியாகத் தெரிவதில்லை. ஜூம் கேட்டது அதற்குத்தான். இப்போதாவது எது என்று சொல்.

உன்
ஸ்டூடியோக்காரன்

மே 11

ஸ்டூடியோக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய் மேற்பார்வையாளரின் மேசையில் வைத்தேன். கையெழுத்தைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்டேன், முடியாது என்றார். பதினைந்து நாள் விடுப்பாவது கொடுங்கள் என்றேன். அவர் ஒரு பட்டியலை எடுத்து விரலால் வரிவரியாகக் காட்டினார். சாவு இருக்கிறது, பிரசவம் இருக்கிறது. புருஷனுக்குக் கால் முறிந்தால் என்று எதுவும் இல்லை. "நீங்களே படிச்சுப் பாருங்கம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அவரும் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களாக வைத்துத்தான் பூட்டியிருக்கிறார்கள். சான்றிதழ் போனால் போகட்டும் என்று கேட்வரைக்கும் நடந்தேன். உள்ளேயிருந்து வெளியே போகவும் அவர்கள் அட்டை வேண்டும். திரும்பி வந்து, லென்ஸில் தூசி படாமல் இருக்கத் தலையோடு மூடும் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று பார்த்த லென்ஸ் எல்லாமே எனக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தன. ஒன்றையும் தேற்றவில்லை.

இரண்டடி பின்னால் போங்கள் என்று எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்கள் பயந்தது சரி, அது முள்ளாகத்தான் நிற்கிறது. நிற்கட்டும். பொய்யைவிட அது பரவாயில்லை.

இப்போது கேளுங்கள். ஜூம் வாங்கக் கூடாது. மெல்லியதும் வேண்டாம், தடித்ததும் வேண்டாம், எவன் செய்ததும் வேண்டாம். அது கைக்கு வந்தால் கட்டிலில் இருந்தபடியே தெருமுனை வரைக்கும் பார்த்துவிடுவீர்கள். பிறகு எதற்கு எழுந்திருக்கப் போகிறீர்கள்?

இருபத்தைந்தையே வைத்துக்கொள்ளுங்கள். கேட் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு வாலுவை உட்காரவையுங்கள். வாரம் ஒரு படம். நாற்காலி நகரக் கூடாது, நீங்கள்தான் நகர வேண்டும். அச்சு எப்போதும் போல ஒரே அளவில் இருக்கட்டும். என்னிடம் மில்லிமீட்டர் கோடு போட்ட லூப் என்கிற சின்ன உருப்பெருக்கி இருக்கிறது. அவள் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை அளந்தால் நீங்கள் எத்தனை அடி தூரத்தில் நின்றீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். நடந்தேன் என்று எழுத வேண்டாம், நம்பமாட்டேன். படம் அனுப்புங்கள்.

பின்னால் போகச் சொல்லவில்லை. முன்னால் மட்டும்தான். முன்னால் தரை இருக்கிறது.

பூதக்கண்ணாடி

ஜூன் 3

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

நீ பெண்டாட்டியா, போலீஸா?

படம் வைத்திருக்கிறேன்.

ஸ்டூடியோக்காரன்

ஜூன் 14

ஆறரை மில்லிமீட்டர். இருபதடி. வலது ஓரத்தில் ஜன்னல் கம்பி. கட்டிலை விட்டு இறங்கவேயில்லை. இதை ஏற்க முடியாது.

பூதக்கண்ணாடி

ஜூன் 26

பூதக்கண்ணாடிக்கு,

இதற்கும் ஏமாற்ற வழி பார்த்தேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போடச் சொன்னேன். வாலு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அப்பா, கள்ளாட்டம் ஆடாதே. அம்மா நாற்காலியை நகர்த்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கா" என்றாள். உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டியது என் தப்பு.

டெய்லர் அக்கா அளவு டேப்போடு வந்து தரையில் தையல் சாக்குக்கட்டியால் அடிக்கு ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நேற்று வாசற்படி வரைக்கும் வந்தேன். சட்டை நனைந்துவிட்டது. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு எடுத்தேன். கம்பி இல்லை, பார்.

ஸ்டூடியோக்காரன்

ஜூலை 7

பதின்மூன்று மில்லிமீட்டர். பத்தடி. கொஞ்சம் கலங்கியிருக்கிறது, லென்ஸின் குற்றமில்லை, கை நடுங்கியிருக்கிறது. பரவாயில்லை.

இதைப் பக்கத்துப் படுக்கைக்காரிகள் எல்லோருக்கும் காட்டினேன். ஏதோ பரீட்சை முடிவு மாதிரி இப்போது எல்லோரும் "இந்த வாரம் எத்தனை?" என்று கேட்கிறார்கள். வாயில் அலுவலக சார்கூட உறையைக் கொடுக்கும்போது, "கூடியிருக்கும்னு நினைக்கிறேம்மா" என்றார். படித்ததை அவர் வாயால் ஒப்புக்கொண்டது இதுவே முதல் தடவை.

பூதக்கண்ணாடி

ஜூலை 30

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

இந்தப் படத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. நீயே அளந்துகொள்.

வாலு ஒன்று கேட்டாள். "அப்பா கிட்ட கிட்ட வந்தா நான் படத்துல பெருசாறேன். அம்மா இப்போ எத்தனை மில்லிமீட்டர்ல இருக்கா?" அம்மாவிடமே கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உன்
ஸ்டூடியோக்காரன்

ஆகஸ்ட் 11

அன்புள்ள ஸ்டூடியோக்காரருக்கு,

அறுபத்தைந்து மில்லிமீட்டர். மூன்று முறை அளந்தேன். அவளுக்கு இரண்டடி எதிரே நிற்கிறீர்கள்.

வழக்கம்போல் நடுவிலிருந்து தொடங்கி நான்கு மூலையும் பார்த்தேன். மேல் மூலையில் கேட்டின் துரு. கீழே அவள் பித்தானை மாற்றிப் போட்டிருக்கிறாள். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது, அதை நீங்கள் எழுதவில்லை. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு மறுபடியும் நடுவுக்கு வந்து அவள் கண்ணில் லூப்பை வைத்தேன். கறுப்பு விழியில் கடுகளவுக்கு ஓர் ஆள் நிற்கிறார். ஒரு கையில் கேமரா, மறு கைக்குக் கீழே மெல்லிதாக ஒரு கோடு. வாக்கர் இல்லை, கைத்தடி. அவருக்குப் பின்னால் நம் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது.

அந்தக் கதவை நான் பார்த்துப் பத்தொன்பது மாதம் ஆயிற்று. லூப்பைக் கீழே வைக்க மனம் வரவில்லை. பக்கத்து மேசைக்காரி என் தட்டையும் சேர்த்து அவளே பார்த்து அனுப்பிவிட்டாள்.

நீங்கள் பதினெட்டடி நடந்துவிட்டீர்கள். எனக்கு இன்னும் இருபத்தொன்பது மாதம். எத்தனை முறை கேட்டாலும் அந்தக் காகிதம் கிழியாது. வாலுவிடம் சொல்லுங்கள், அம்மா இங்கே தன் நாற்காலியிலிருந்து நகரவில்லை, அதனால் அளவு மாறவில்லை என்று. அவளுக்குப் புரியும், சட்டம் தெரிந்தவள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். இனி நான் அழுவேன் என்று பயந்து எதையும் வெட்ட வேண்டாம். ஒவ்வொரு கடிதத்திலும் அவள் என்னைத் தேடுகிறாள் என்றே எழுதுங்கள். இங்கே நான் வைத்துக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

உங்கள்
பூதக்கண்ணாடி